ஈம் தேவாலயத்தில் ஜியோகேஷிங்: கல்லைப் படித்துப் பெட்டியைத் தேடும் முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், ஈம் என்ற ஊருக்கும் ஸ்டோனி மிடில்டன் என்ற பக்கத்து ஊருக்கும் நடுவே, மேய்ச்சல் நிலத்தில் ஒரு கல் கிடக்கிறது. அதன் மேல்பரப்பில் சிறு குழிகள். 1666இல் கொள்ளைநோய் கண்டிருந்த ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து ஆள் வந்து, காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார். முகம் பாராத கொடுக்கல் வாங்கல்.

ஜியோகேஷிங்கும் முகம் பாராத கொடுக்கல் வாங்கல்தான். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறார். நாம் பார்த்தறியாத அவர் விட்டுச்சென்ற, இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பிடித்துக்கொண்டு போய் அதைத் தேடி எடுக்கிறோம். உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறோம். ஷெஃபீல்டில் வசித்த ஆண்டுகளில் பல தேவாலயங்களை இப்படித்தான் சுற்றினேன். அவற்றில் ஈம் ஊரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தை முன்வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு கிராமத் தேவாலயத்தில் கல்லைப் படிப்பது எப்படி என்பதை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் 'ஈயாம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்றே சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது ஈமச் சடங்கை நினைவூட்டுவது தற்செயல்தான். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது அந்த ஓசை மனத்தை விட்டு அகலவில்லை.

முதலில், விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக

2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கருவிகள் ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு பிறந்தது அப்படித்தான். ஆனால் இங்கிலாந்துக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. டார்ட்மூர் சதுப்பு மேட்டில் 1854இலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு ஜாடியை வைத்து, அங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

பிரிட்டனில் 'சர்ச் மைக்ரோ' என்ற தொடர் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தேவாலயங்களுக்கு, எண் வரிசைப்படி, பலர் வைத்த சிறு பெட்டிகள். இவற்றில் பல, தேவாலய வளாகத்தில் உள்ள எழுத்துகளிலிருந்து எண்களைத் திரட்டி, கணக்குப் போட்டு, வளாகத்துக்கு வெளியே எங்கோ இருக்கும் பெட்டியைக் கண்டுபிடிக்கும் விதமாக அமைந்தவை. இந்த வகைக்கு மல்டி கேஷ் என்று பெயர். பெட்டி கல்லறைகளுக்கு நடுவே இருக்காது. ஆனால் கல்லறைகளைப் படிக்காமல் பெட்டிக்குப் போகவும் முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

படி 1: வீட்டிலேயே பெட்டியின் இணையப் பக்கத்தை முழுவதும் படியுங்கள்

ஜியோகேஷிங் செயலியில் ஈம் ஊரைத் தேடி, நீங்கள் போகும் நாளில் எந்தப் பெட்டிகள் நடப்பில் இருக்கின்றன என்று பாருங்கள். பெட்டிகள் தொலையும், வைத்தவர் மூடிவிடுவதும் உண்டு. ஆகவே நண்பர் சொன்னார் என்று கிளம்ப வேண்டாம். கடைசியாக வந்தவர்களின் பதிவுகளில் 'கண்டுபிடிக்கவில்லை' என்பது வரிசையாக மூன்று நான்கு இருந்தால் பெட்டி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கடினத்தன்மை, நிலத்தன்மை இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும். முதல் முறை என்றால் இரண்டும் 2க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவு 'மைக்ரோ' என்றால் 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. பழைய புகைப்படச் சுருள் டப்பாவும் இருக்கலாம், விரல் நுனி அளவு காந்தக் குப்பியும் இருக்கலாம். உள்ளே பேனா இருக்காது. இதை மறந்தவர்கள் பலர், ஆகவே இப்போதே பையில் பேனாவைப் போடுங்கள். சுருட்டிய தாளை வெளியே எடுக்க ஒரு சிறு இடுக்கியும் வேண்டும்.

குறிப்பு வரி ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்து எழுதப்பட்டிருக்கும். செயலியில் தொட்டால் திறந்துவிடும். அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும் வரை அதைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வடக்கு, கிழக்கு என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். ஈம் இருப்பது கிரீன்விச்சுக்கு மேற்கே. கையால் எண்களை உள்ளிடும்போது மேற்கு என்பதற்குப் பதிலாகக் கிழக்கு என்று போட்டுவிட்டால் நார்ஃபோக் கரைக்கு அப்பால், வடகடலின் நடுவே புள்ளி விழும். முதல் முறை நானும் அப்படித்தான் போட்டேன். வரைபடத்தில் நீல நிறம் மட்டும் தெரிந்தபோதுதான் பிழை புரிந்தது.

படி 2: போகும் வழியும் நேரமும்

ஷெஃபீல்டிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் வரும் ஹோப் பள்ளத்தாக்கு ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கினால், மேடேறி ஐந்தாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஷெஃபீல்டிலிருந்து பஸ்ஸும் உண்டு. ஆனால் கிராமப்புறப் பஸ் நேரங்கள் அடிக்கடி மாறும் என்பதால், திரும்பி வரும் கடைசி பஸ்ஸை முதலில் பாருங்கள். காரில் வந்தால் அருங்காட்சியகத்துக்கு எதிரே ஹாக்ஹில் சாலையில் நிறுத்துமிடம் இருக்கிறது. தேவாலயம் அங்கிருந்து சிறு நடை.

பள்ளத்தாக்குகளில் செல்பேசித் தொடர்பு அறுந்துபோகும். வரைபடத்தையும் பெட்டியின் பக்கத்தையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தையும், திருமணம் அல்லது அடக்கம் நடக்கும் நேரத்தையும் தவிருங்கள். அடக்கம் நடப்பது தெரிந்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். இதில் விதிவிலக்கு கிடையாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கொள்ளைநோய் நினைவு ஞாயிறு. அன்று ஊரே நிறைந்திருக்கும். அந்த நாளில் வழிபாட்டுக்குப் போங்கள், தேடலுக்குப் போகாதீர்கள்.

படி 3: கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழையுங்கள்

எண்களைத் திரட்ட மட்டும் வருகிறவருக்கு இங்கே எதுவும் தங்காது. அதனால் இவ்வளவையாவது மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

1665 கோடையின் முடிவில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணிமூட்டை வந்தது. துணி ஈரமாக இருந்ததால் கணப்பின் முன் விரித்து உலர்த்தினார்கள். அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வழியே நோய் பரவியது என்று சொல்லப்படுகிறது. துணியைப் பிரித்த உதவியாளர் ஜார்ஜ் விக்கார்ஸ் செப்டம்பர் 7 அன்று அடக்கமானார். மரணங்கள் குளிர்காலத்தில் குறைந்து, அடுத்த கோடையில் பெருகின. அப்போது ஊரின் குருவாக இருந்தவர் வில்லியம் மாம்பெசன். வயது 28. ஊருக்குப் புதியவர். மக்கள் நம்பியதோ அவருக்கு முன்பிருந்து, அரசுத் திருச்சபையின் வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கிய 1662 சட்டத்துக்குப் பணிய மறுத்துப் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியை. சமயக் கருத்தில் எதிரெதிரான அந்த இருவரும் கைகோத்து 1666 ஜூனில் ஊர்மக்கள் முன் மூன்று முடிவுகளை வைத்தார்கள்: ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவரைத் தானே புதைக்க வேண்டும், வழிபாடு கட்டடத்துக்குள் நடக்காது, திறந்த வெளியில் நடக்கும், யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மக்கள் ஏற்றார்கள். அடுத்த ஊர்களைக் காப்பாற்றுவதற்காகத் தங்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். 1666 நவம்பரில் நோய் அடங்கியபோது இறந்தவர்கள் 260 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் பார்க்கப்போகும் கட்டடம், அந்தக் கொடிய கோடையில் பூட்டிக்கிடந்தது. மக்கள் கூடியது கக்லெட் டெல்ஃப் என்ற பசுமையான பள்ளத்தில், ஒருவருக்கொருவர் தள்ளி நின்று.

படி 4: வளாகத்தைச் சுற்றி எண்களைத் திரட்டுதல்

இங்கே அவசரம் வேண்டாம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கண்ணில் படுவது கற்சிலுவை. சாக்ஸன் காலத்தது, ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை. தண்டின் ஒரு பகுதி தொலைந்துபோனதால் மேலே உள்ள சிலுவைத் தலை உடம்புக்குப் பெரிதாகத் தெரியும். பின்னிப் பின்னிச் செல்லும் கொடிவேலைப்பாட்டை நின்று பாருங்கள். சாய வேண்டாம், தொட வேண்டாம். அதில் எண்கள் எதுவும் இல்லை என்பதால் கணக்கு போடுகிறவர்கள் பலரும் கடந்துபோகிறார்கள். இந்த வளாகத்திலேயே மூத்தது அதுதான்.

சிலுவைக்கு அருகிலேயே கேத்தரின் மாம்பெசனின் மேடைக் கல்லறை. குழந்தைகள் இருவரையும் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டு, கணவருடன் ஊரிலேயே தங்கியவர். 1666 ஆகஸ்ட் 25 அன்று நோயால் இறந்தார். அந்தக் கோடையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலும் வயல்களிலும் புதைக்கப்பட்டார்கள். தேவாலய வளாகத்தில் இடம் கிடைத்தவர் இவர்.

தென்புறச் சுவரில், கதவுக்கு மேலே, 1775 என்று ஆண்டு பொறித்த சூரியக் கடிகாரம். இது நேரத்தை மட்டும் காட்டும் எளிய கடிகாரம் அல்ல. ராசிகள், கடக மகரக் கோடுகள், மெக்கா, மெக்சிகோ போன்ற தொலைதூர ஊர்ப்பெயர்கள் என்று ஒரு கற்பலகைக்குள் உலகத்தையே அடக்கியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து படியுங்கள்.

கிரிக்கெட் பிடித்தவர்கள் ஹாரி பாக்ஷாவின் கல்லறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். டெர்பிஷயர் அணிக்கு ஆடியவர், 1927இல் காலமானார். கல்லில் ஸ்டம்புகள் சிதறுகின்றன. மேலே ஒரு கை, விரலை உயர்த்தி அவுட் கொடுக்கிறது. விரல் விண்ணையும் காட்டுகிறது. இவ்வளவு துயரம் தேங்கிய ஒரு வளாகத்தில் அந்தக் கல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். செல்பேசியின் டார்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காமல், கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுண்ணக்கட்டி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, பாசியைச் சுரண்டுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். கல்லின் மேல் படர்ந்திருப்பது பெரும்பாலும் கற்பாசி, மிக மெதுவாக வளர்வது. சுரண்டினால் அதோடு எழுத்தும் உதிர்ந்துவிடும்.

இன்னொரு நுட்பம். இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே நம் கணக்கில் 1666 பிப்ரவரியில் இறந்தவரின் கல்லில் 1665 என்று இருக்கலாம். 1665/6 என்று இரண்டையும் எழுதும் வழக்கமும் உண்டு. பெட்டி வைத்தவர் கேட்பது கல்லில் உள்ள எண்ணை. நீங்கள் திருத்திய எண்ணைப் போட்டால் கணக்கு தவறும்.

படி 5: உள்ளே போங்கள்

பல தேடல்களுக்கு உள்ளே போகத் தேவையே இருக்காது. ஆனாலும் கதவு திறந்திருந்தால் போங்கள். சுவரில் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் சின்னங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. கொள்ளைநோய்க் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் 1985இல் வைக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய ஏட்டையும் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் படித்துக்கொண்டே போனபோது, வெளியே தேட வந்த டப்பாவின் நினைவு எனக்கு அறவே போய்விட்டது.

தொப்பியைக் கழற்றுங்கள், செல்பேசியை ஒலியடக்குங்கள், யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தால் படமெடுக்காதீர்கள். உண்டியலில் காணிக்கை போடுங்கள். ஒரு பழைய கட்டடத்தின் கூரை ஒழுகாமல் இருப்பது அந்தக் காசால்தான். விளையாட்டை அறியாதவர்களை 'மக்கிள்' என்று அழைத்து, அவர்கள் கண்ணில் படாமல் தேடுவது ஜியோகேஷர்களின் மரபு. தேவாலயப் பணியாளரிடம் மட்டும் அந்த மரபைப் பின்பற்ற வேண்டாம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு முதியவரிடம் நான் அப்படிச் சொன்னபோது, அவரே என்னைச் சூரியக் கடிகாரத்தின் கீழ் நிறுத்தி அரை மணி நேரம் விளக்கினார்.

படி 6: கணக்கு

எண்கள் பாகை, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வடிவில் இருக்கும். ஒரு பயிற்சிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது நானாகப் புனைந்தது, இதை வைத்துக்கொண்டு தேடப் போகாதீர்கள். வடக்கு 53° 17.கசட என்று வைத்துக்கொள்ளுங்கள். 'க' என்பது சூரியக் கடிகார ஆண்டின் முதல் இலக்கம், 'ச' அதன் கடைசி இலக்கம், 'ட' கேத்தரின் இறந்த ஆண்டின் கடைசி இலக்கம். கிடைப்பது 53° 17.156.

கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர்தான் நகர்வீர்கள். அதைத் தேடலிலேயே சரிசெய்துவிடலாம். முதல் இலக்கத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப்போய், யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் நிற்பீர்கள். தீர்க்கரேகையில் அதே பிசகு சுமார் 111 மீட்டர், ஏனென்றால் வடக்கே போகப் போக அந்தக் கோடுகள் நெருங்குகின்றன. ஆகவே முதல் இலக்கத்தை இரண்டு முறை சரிபாருங்கள். பெட்டியின் பக்கத்தில் இலக்கங்களின் கூட்டுத்தொகை கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் 1, 5, 6 சேர்ந்து 12.

கணக்கின் விடை ஒரு கல்லறையின் மேல் விழுந்தால் கணக்கு தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேடாதீர்கள்.

படி 7: தேடுதல்

புள்ளியை நெருங்கியதும் செல்பேசியைப் பையில் வையுங்கள். மரநிழலிலும் கோபுரத்தின் அருகிலும் செயலியில் திசை காட்டும் அம்பு பத்து மீட்டர் வரை அலையும். அதன் பின்னாலேயே ஓடினால் வட்டமடிப்பீர்கள். நின்று, 'நானாக இருந்தால் எங்கே வைப்பேன்' என்று பாருங்கள். கம்பத்தின் அடி, வேலியின் பின்புறம், மரத்தின் வேர் இடுக்கு, பெஞ்சின் அடிப்பக்கம் போன்ற இடங்கள்தான் வழக்கம்.

அந்தப் பகுதி முழுவதும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள். அவற்றில் கை வைக்காதீர்கள். ஒரு கல்லை உருவினால் ஒரு கஜம் சரியும், சரிந்ததை மீண்டும் அடுக்கத் தேர்ந்த கை வேண்டும். அத்தகைய சுவர்களுக்குள் பெட்டி வைக்கக் கூடாது என்பது பிரிட்டன் ஜியோகேஷர்கள் ஏற்ற விதி. ஆகவே அங்கே தேட வேண்டிய தேவையே இல்லை. கோடையில் வேலியோரம் நெட்டில் செடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். பட்டால் காஞ்சொறி பட்டதுபோல் தடித்து எரியும், முழுக்கால் சட்டை போடுங்கள். புல்வெளியில் நடந்து வந்தபின் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்களைப் பாருங்கள். ஆட்டுக்கிடைகளின் வாயிற்கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். 'கண்டுபிடிக்கவில்லை' என்று நேர்மையாகப் பதிவிடுங்கள். பெட்டியை வைத்தவருக்கு அது பயனுள்ள செய்தி.

படி 8: கையொப்பமும் பதிவும்

தாளில் தேதியும் உங்கள் புனைபெயரும் எழுதி, நனையாமல் சுருட்டி, மூடியை இறுக்கி, எடுத்த இடத்தில் எடுத்தபடியே வையுங்கள். பெரிய பெட்டியாக இருந்து அதிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றை வைக்க வேண்டும். உணவுப் பொருள் வைக்கக் கூடாது.

இணையப் பதிவில் வெறும் நன்றியோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கல் உங்களை நிறுத்தியது என்று இரண்டு வரி எழுதுங்கள். விடை எண்களும் பெட்டி இருக்கும் படமும் மட்டும் வேண்டாம். தமிழிலும் எழுதலாம். நான் எழுதியிருக்கிறேன்.

படி 9: எல்லைக்கல் வரை நடங்கள்

பெட்டி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஊருக்குக் கிழக்கே மேட்டுவயலில் ரைலி கல்லறைகள் இருக்கின்றன, பழைய நினைவிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். ஒவ்வொருவரையும் தன் கையால் இழுத்து வந்து, தானே குழிதோண்டிப் புதைத்தார். வட்டமான சுவருக்குள் அந்தக் கற்கள் நிற்கின்றன. பெயரை வாய்விட்டுப் படித்தேன். அதற்குமேல் அங்கே ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஊருக்கு வடக்கே மேட்டில் மாம்பெசன் கிணறு. வடக்கிலிருந்து வந்த உணவும் மருந்தும் வைக்கப்பட்ட இடம். தெற்கே, ஸ்டோனி மிடில்டனுக்கு இறங்கும் பாதையில், நான் தொடக்கத்தில் சொன்ன எல்லைக்கல். அதில் எத்தனை குழிகள் என்று இங்கே எழுதவில்லை. என்றாவது ஒரு மல்டி கேஷ் அதைக் கேட்கலாம், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்றும் வருகிறவர்கள் அந்தக் குழிகளில் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். மழைநீரில் நாணயங்கள் கிடக்கும். அவற்றை எடுக்காதீர்கள். கையில் ஒரு பென்னி இருந்தால் நீங்களும் ஒன்றை வையுங்கள்.